வண்டி ‘மிஸ்’ அடிச்சா ஏன் முதல்ல நாசிலைக் கழற்றுறாங்க? ருடால்ஃப் டீசலின் வாழ்க்கையில் இருக்கிறது பதில்

பழைய டீசல் லாரி ஒன்று பட்டறைக்கு வருகிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனா இன்ஜின் சீராக ஓடவில்லை. சத்தம் விட்டு விட்டு வருகிறது, வண்டி குலுங்குகிறது, பின்னால் புகை. மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் குழாயின் நட்டை வரிசையாகக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப முடுக்குகிறார். மூன்று சிலிண்டர்களில் நட்டைத் தளர்த்தியதும் இன்ஜின் இன்னும் மோசமாகத் தடுமாறுகிறது. நான்காவதில் எந்த மாற்றமும் இல்லை. அப்போ, வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். அடுத்து அவர் கை போகும் இடம் இன்ஜெக்டர். நம்ம ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் நாசில்.

அதைக் கழற்றி, சோதித்து, சுத்தம் செய்து, திரும்ப மாட்டினால் பல நேரங்களில் இன்ஜின் பழையபடி ஓடத் தொடங்கிவிடும். விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய பாகம். அதன் நுனியில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத துளைகள். அவ்வளவுதான்.

ஆனா இந்த இடம்தான், டீசல் இன்ஜினை உருவாக்கிய ருடால்ஃப் டீசலை வருடக்கணக்கில் அலைக்கழித்தது. எண்ணெயைச் சரியான நேரத்தில், சரியான அளவில், மிக நுண்ணிய துளிகளாகச் சிலிண்டருக்குள் அனுப்புவது எப்படி? இந்தக் கேள்விக்கு அவர் கண்டுபிடித்தது பாதி விடைதான். மீதி விடை வருவதற்குள் அவர் உயிரோடு இல்லை. உலகம் முழுக்க பெட்ரோல் பங்குகளில் எழுதப்பட்டிருக்கும் பெயருக்குச் சொந்தக்காரரான அவருக்கு என்ன ஆச்சு?

பாரீஸில் பிறந்த ஜெர்மன் பையன்

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18 அன்று பாரீஸில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஜெர்மனியின் பவேரியா பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பா தியோடர் புத்தகம் பைண்டிங் செய்வது, தோல் பொருட்கள் தயாரிப்பது எனப் பிழைப்பு நடத்தியவர். பெரிய வசதி கிடையாது. பாரீஸின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பழைய நீராவி இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பையன் ருடால்ஃப்.

1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வெடித்தது. பாரீஸில் இருந்த ஜெர்மன் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டிய நிலை. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே எல்லோருக்கும் சோறு போடுவதே கஷ்டமாக இருந்ததால், 12 வயது ருடால்ஃபை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வீட்டுக்காரர் கணித ஆசிரியர். அங்கே தங்கித் தொழிற்பள்ளியில் படித்த ருடால்ஃப், 14 வயதிலேயே தான் இன்ஜினியர் ஆகப்போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார்.

1875-ல் உதவித்தொகையுடன் மியூனிக் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. 1879-ல் டைபாய்டு வந்ததால் இறுதித் தேர்வை எழுத முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருந்த நாட்களில் சுவிட்சர்லாந்தின் சுல்சர் தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி எடுத்தார். 1880 ஜனவரியில் தேர்வெழுதி, மிக உயர்ந்த மதிப்பெண்களோடு வெளியே வந்தார்.

வகுப்பறையில் கிடைத்த பொறி

மியூனிக்கில் அவருக்குப் பாடம் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்பதன இயந்திரத் துறையின் முன்னோடி. அவர் வகுப்பில் கேட்ட ஒரு கணக்கு டீசலை உலுக்கியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்கள், எரிக்கும் நிலக்கரியில் இருக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் வேலையாக மாற்றுவதில்லை. மீதி எல்லாம் சூடாகவும் புகையாகவும் வீண். ஆனால், வெப்பவியல் விதிகளின்படி இதைவிடப் பல மடங்கு அதிகமாக எடுக்க முடியும்.

இதில் டீசலுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நீராவி இன்ஜின் பெரிசாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் பெரிய முதலாளிகள் மட்டுமே அதை வைத்துக்கொள்ள முடிந்தது. தச்சர், நெசவாளர், சிறு பட்டறைக்காரர் எல்லாம் போட்டி போட முடியாமல் தொழிலை விட்டுக்கொண்டிருந்தார்கள். சிறிய அளவிலும் சிக்கனமாக ஓடும் இன்ஜின் ஒன்று இருந்தால் அவர்கள் தப்பிப்பார்கள் என்று அவர் நம்பினார்.

படிப்பு முடிந்ததும் லிண்டேவின் நிறுவனத்துக்காகப் பாரீஸில் ஐஸ் தொழிற்சாலை வேலைக்குப் போனார். 1883-ல் மார்த்தா ஃபிளாஷேயைத் திருமணம் செய்துகொண்டார். மூன்று குழந்தைகள். வேலையில் இருந்தபோது உருவாக்கிய குளிர்பதனக் கண்டுபிடிப்புகளைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதால், வேறு துறைப் பக்கம் பார்வையைத் திருப்பினார். நீராவிக்குப் பதிலாக அம்மோனியா ஆவியில் ஓடும் இன்ஜினைச் செய்து பார்த்தார். அது கைகூடவில்லை. 1890-ல் குடும்பத்தோடு பெர்லினுக்கு மாறினார். அங்கேதான் புது இன்ஜினுக்கான யோசனை முழு வடிவம் பெற்றது.

அவருடைய யோசனை என்ன?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருப்போம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசலின் யோசனை இதில்தான் நிற்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் கலந்து, ஸ்பார்க் பிளக்கின் பொறியில் பற்றிக்கொள்ளும். டீசல் சொன்ன வழி வேறு. வெறும் காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, மிகக் கடுமையாக அழுத்த வேண்டும். காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்த நொடியில் எரிபொருளை உள்ளே செலுத்தினால் பொறி எதுவும் இல்லாமலேயே தானாகப் பற்றிக்கொள்ளும். அதிக அழுத்தம் என்பதால், அதே அளவு எரிபொருளில் அதிக வேலை கிடைக்கும்.

கேட்க எளிது. ஆனா உள்ளே ஏற்கெனவே பயங்கர அழுத்தத்தில் காற்று இருக்கிறது. அந்த அழுத்தத்தை மீறித்தான் எண்ணெயை உள்ளே தள்ள முடியும். அதுவும் ஒழுகவிட்டால் போதாது. பெரிய துளிகள் முழுசாக எரியாது, கரியாகும், கறுப்புப் புகை வரும். பனிபோல் நுண்ணிய துளிகளாகத் தூவினால்தான் ஒவ்வொரு துளியையும் சூடான காற்று சூழ்ந்துகொண்டு எரிக்கும். நேரம் கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ, அளவு கூடினாலோ குறைந்தாலோ அந்தச் சுற்று வீண். அதைத்தான் இன்று மிஸ் ஃபயர் என்கிறோம்.

1892 பிப்ரவரியில் டீசல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஓராண்டு கழித்து, 67207 என்ற எண்ணில் ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது. 1893-ல் தன் கோட்பாட்டை விளக்கிப் புத்தகமும் வெளியிட்டார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் இயக்குநர் ஹைன்ரிக் ஃபான் புஸ் முதலில் தயங்கி, பிறகு ஒத்துக்கொண்டார். இரும்பு ஜாம்பவானான க்ரூப் நிறுவனமும் சேர்ந்தது. டீசலுக்கு ஆண்டுக்கு 30,000 மார்க் சம்பளம் பேசப்பட்டது.

வெடித்த கருவியும் ஒரு நிமிட ஓட்டமும்

1893 ஆகஸ்ட் 10. ஆக்ஸ்பர்க்கில் முதல் சோதனை. இன்ஜின் தானாக ஓடும் நிலையில் இல்லை. தொழிற்சாலையின் நீராவி இயந்திரத்தில் இருந்து பெல்ட் மூலம் அதைச் சுழற்றி, உள்ளே எரிபொருளைச் செலுத்தினார்கள். பற்றிக்கொண்டது! கூடவே, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். அழுத்தினாலே எரியும் என்பது மட்டும் அன்றைக்கு நிரூபணமானது.

இன்ஜினை மாற்றிக் கட்டினார்கள். 1894 பிப்ரவரி 17 அன்று, வெளி உதவி இல்லாமல் அது முதல்முறையாகத் தானே ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 88 சுற்று. அதுவரை இன்ஜினை இழுத்துக்கொண்டிருந்த பெல்ட்டை, இப்போது இன்ஜின் இழுக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தவர் ஒரு மெக்கானிக். அவர் எதுவும் பேசாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ததாக டீசல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்த மூன்று வருடங்கள் கிட்டத்தட்ட முழுக்கவே எரிபொருளை உள்ளே அனுப்பும் பாடுதான். எண்ணெயைப் பம்ப் வைத்து நேரடியாகச் செலுத்தத்தான் டீசல் முதலில் முயன்றார். அவ்வளவு துல்லியமான பம்பை அன்றைய பட்டறைகளால் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சில துளிகளை மட்டும் அளந்து, அவ்வளவு அழுத்தத்தில், கசிவு இல்லாமல் தள்ள வேண்டும். அதற்கேற்ற உலோக வேலைப்பாடே அப்போது இல்லை.

அதனால் சுற்றுவழியைப் பிடித்தார்கள். தனியாக ஒரு கம்ப்ரசரை வைத்து, சிலிண்டருக்குள் இருப்பதைவிட அதிக அழுத்தத்தில் காற்றைச் சேமிப்பது. வால்வு திறக்கும்போது அந்தக் காற்று பாய்ந்து, எண்ணெயையும் சிதறடித்து உள்ளே கொண்டுபோகும். வாசனைத் திரவியத்தைக் காற்றின் வேகத்தில் ஸ்பிரே செய்வதுபோல. இது வேலை செய்தது. ஆனால், நாசிலின் துளை எவ்வளவு இருக்க வேண்டும், எந்த வடிவம், எத்தனை துளை என எல்லாமே சோதனைதான். கழற்று, மாற்று, மாட்டு, ஓட்டிப் பார், புகையைப் பார், திரும்பக் கழற்று. இன்றைக்குப் பட்டறையில் நடப்பதை அன்றைக்கு அவர்கள் கையேடு எதுவும் இல்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

1897: உலகம் திரும்பிப் பார்த்த நாள்

முதல் ஒரு நிமிட ஓட்டத்துக்குச் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் இன்ஜினை அதிகாரபூர்வமாகச் சோதித்தார். ஒற்றை சிலிண்டர், 19.6 லிட்டர் கொள்ளளவு, நிமிடத்துக்குச் சுமார் 154 சுற்று, சுமார் 18 குதிரைத்திறன். அது கொடுத்த செயல்திறன் 26.2 சதவீதம். அதாவது, எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வேலையாக மாறியது. அன்றைய எந்த இன்ஜினும் நெருங்காத எண் இது.

உரிமம் வாங்கப் பலரும் வரிசை கட்டினார்கள். அமெரிக்க உரிமையை மதுபான அதிபர் அடால்ஃபஸ் புஷ் பத்து லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ரஷ்யாவுக்கு இமானுவேல் நோபல். 1898-ல் காப்புரிமைகளை நிர்வகிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம், டீசலின் உரிமைகளுக்கு 35 லட்சம் மார்க் மதிப்பு போட்டது. அதில் கணிசமான பகுதி ரொக்கமாக இல்லாமல் பங்குகளாக இருந்தது. 40 வயதில் டீசல் கோடீஸ்வரர். மியூனிக்கில் மாளிகை கட்டத் தொடங்கினார்.

விற்றாச்சு, ஆனா ஓடலையே!

பிரச்சினை இங்கேதான் ஆரம்பித்தது. பேராசிரியர் முன்னால், கைதேர்ந்த மெக்கானிக்குகள் சுற்றி நிற்க ஓடிய இன்ஜின் வேறு. வாங்கினவர் இடத்தில், தினமும் காலை முதல் மாலை வரை ஓட வேண்டிய இன்ஜின் வேறு.

1898-ல் பவேரியாவின் கெம்ப்டன் ஊரில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, இரண்டு சிலிண்டர்களும் 60 குதிரைத்திறனும் கொண்ட இன்ஜின் போய்ச் சேர்ந்தது. வணிகப் பயன்பாட்டுக்கு வந்த ஆரம்பகால டீசல் இன்ஜின்களில் முக்கியமானது இது. தொல்லைகளும் கூடவே வந்தன. எண்ணெயைச் சிதறடிக்க நாசிலுக்குள் வைத்திருந்த சல்லடை போன்ற பகுதி அடைத்துக்கொண்டது. கம்ப்ரசர்கள் மக்கர் செய்தன. ஆக்ஸ்பர்க்கில் இருந்து ஆட்கள் வந்து வந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. அதே ஆண்டு மியூனிக் கண்காட்சியில் வைத்த இன்ஜின்களையும் இரவில் பழுதுபார்த்துப் பகலில் ஓட்டிக் காட்ட வேண்டிய நிலை. உரிமம் வாங்கிய நிறுவனங்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. டீசலின் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தனித் தொழிற்சாலை நிலைக்காமல் போனது.

இன்னொரு பக்கம், காப்புரிமையில் அவர் விவரித்த எரிதல் முறையும் கடைசியில் கட்டப்பட்ட இன்ஜினில் நடக்கும் எரிதலும் ஒன்றல்ல என்று போட்டியாளர்கள் வழக்குப் போட்டார்கள். அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயமும் இருந்தது. முதல் கணக்கின்படி கட்டியிருந்தால் இன்ஜின் தன் சக்தி முழுவதையும் காற்றை அழுத்துவதிலேயே செலவழித்திருக்கும். அதை உணர்ந்த டீசல் 1893-லேயே இரண்டாவது காப்புரிமைக்கு விண்ணப்பித்து வழியை மாற்றிக்கொண்டார். வழக்குகளில் ஜெயித்தாலும் மனசு தளர்ந்துபோனது. 1898 இறுதியில் நரம்புத் தளர்ச்சியோடு மியூனிக் அருகே ஒரு மருத்துவ இல்லத்தில் சேர்க்கப்பட்டார்.

இன்ஜினைக் காப்பாற்றியது ஆக்ஸ்பர்க்கில் பொறுமையாக வேலை செய்தவர்கள். அவர்களில் முக்கியமானவர் இமானுவேல் லவுஸ்டர். அடைத்துக்கொள்ளும் சல்லடைக்குப் பதிலாகத் துளையிட்ட தட்டுகளை அடுக்கி வைத்த நாசில் வந்தது. எண்ணெய் சீராகச் சிதறியது. ஒவ்வொரு கோளாறாகத் தீர்ந்து, 1900-க்குப் பிறகு இன்ஜின் நம்பகமானதாக மாறியது. 1900 பாரீஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜினுக்கு உயரிய பரிசு கிடைத்தது. அங்கே வைக்கப்பட்ட ஒரு சிறிய டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது என்பது இன்றும் வியப்போடு பேசப்படும் தகவல்.

கப்பலுக்குப் போனது, பட்டறைக்கு வரவில்லை

1903-ல் ரஷ்யாவில் நோபல் குடும்பத்தின் வண்டால் என்ற எண்ணெய்க் கப்பல் டீசல் இன்ஜினோடு ஓடியது. 1912-ல் டென்மார்க்கின் செலாண்டியா, டீசல் இன்ஜின்களோடு கோபன்ஹேகனில் இருந்து பாங்காக் வரை கடல் கடந்து போனது. நீர்மூழ்கிக் கப்பல்களும் டீசலுக்கு மாறின. மின் நிலையங்கள், பெரிய ஆலைகள் எல்லாவற்றிலும் டீசல்.

ஆனா, அவர் யாரை மனதில் வைத்துத் தொடங்கினாரோ அந்தச் சிறு பட்டறைக்காரருக்கு அது போய்ச் சேரவில்லை. காரணம், பழையபடி அந்த எரிபொருள் செலுத்தும் முறைதான். காற்றை வைத்து எண்ணெயை ஊதித் தள்ள கம்ப்ரசர் வேண்டும். கம்ப்ரசர் என்றால் எடை, விலை, பராமரிப்பு. கப்பலில் இடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. சின்னப் பட்டறையிலோ லாரியிலோ அதை எங்கே வைப்பது? வேகமாகச் சுற்றும் சிறிய இன்ஜினுக்கு அந்த முறை ஒத்துவரவும் இல்லை. லாரிக்கான சிறிய இன்ஜின் ஒன்றையும் டீசல் முயன்று பார்த்தார். அது சந்தைக்கு வரும் அளவுக்குத் தேறவில்லை.

1903-ல் அவர் எழுதிய ஒரு சமூகப் பொருளாதாரப் புத்தகத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தங்கள் தொழிலை நடத்தும் ஏற்பாடு ஒன்றை முன்வைத்தார். இன்ஜினைவிட அதையே தன் பெரிய பங்களிப்பாக அவர் நினைத்தார். மிகக் குறைவான பிரதிகளே விற்றன.

பணமும் கரைந்தது. நிலம், எண்ணெய்க் கிணறுகள் எனப் போட்ட முதலீடுகள் நஷ்டத்தில் முடிந்தன. முக்கியக் காப்புரிமைகளின் காலமும் முடிந்திருந்தது. வெளியே பார்ப்பவர்களுக்கு அவர் உலகப் புகழ்பெற்ற இன்ஜினியர். 1912-ல் அமெரிக்கா போய் உரையாற்றினார், செயின்ட் லூயிஸில் புதிய இன்ஜின் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார். உள்ளுக்குள் வட்டி கட்டக்கூடத் திணறிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் ஜெர்மன் கப்பல் பொறியாளர்கள் கூட்டத்தில் தன் இன்ஜின் பிறந்த வரலாற்றைப் பேசியபோது, அது டீசலின் சாதனையா, ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் சாதனையா என்று நேருக்கு நேர் கேள்வி எழுப்பினார்கள்.

1913 செப்டம்பர் 29 இரவு

அன்று மாலை, பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் டீசல் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு டீசல் இன்ஜின் நிறுவனத்தின் கூட்டத்துக்காகப் பயணம். கூட இரண்டு நண்பர்கள். மூவரும் இரவு உணவு சாப்பிட்டார்கள், தளத்தில் பேசியபடி நடந்தார்கள். சுமார் 10 மணிக்கு டீசல் தன் அறைக்குப் போனார். காலை 6.15-க்கு எழுப்பிவிடச் சொல்லியிருந்தார்.

காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்துவைத்தபடியே இருந்தது. கப்பலின் பின்பக்கக் கைப்பிடிக்கு அருகே அவருடைய தொப்பியும் மடித்து வைத்த கோட்டும் கிடந்தன. பத்து நாட்களுக்குப் பிறகு வடகடலில் ஒரு டச்சுப் படகு உடல் ஒன்றைக் கண்டது. சிதைந்திருந்த உடலைக் கடலிலேயே விட்டுவிட்டு, சட்டைப்பையில் இருந்த பொருட்களை மட்டும் எடுத்துவந்தார்கள். அவை அப்பாவுடையவைதான் என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார்.

பயணத்துக்கு முன் டீசல் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். அதில் 20,000 மார்க் ரொக்கமும், வங்கிக் கணக்குகள் காலியாகிவிட்டதைக் காட்டும் கணக்குத் தாள்களும் இருந்தன. அவருடைய நாட்குறிப்பில் செப்டம்பர் 29-ம் தேதி பக்கத்தில் ஒரு சிலுவைக் குறி மட்டும் இருந்தது. அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று பல கதைகள் அன்று முதல் உலவுகின்றன. எதற்கும் ஆதாரம் கிடைத்ததில்லை. தற்கொலை என்பதே பெரும்பாலான வாழ்க்கை வரலாற்றாசிரியர்களின் முடிவு. அப்போது அவருக்கு 55 வயது.

மீதி விடை எப்படி வந்தது?

காற்றே இல்லாமல் எண்ணெயை நேரடியாகச் செலுத்தும் முயற்சி டீசல் உயிரோடு இருந்தபோதே வேறு சிலரால் தொடங்கப்பட்டிருந்தது. 1909-ல் பென்ஸ் நிறுவனத்தின் ப்ராஸ்பர் லொராஞ், சிலிண்டருக்கு முன்னால் ஒரு சிறு அறையை வைத்து அதில் எண்ணெயைச் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக, கம்ப்ரசர் இல்லாத செலுத்து முறையை உருவாக்கியது. 1920-களின் முதல் பாதியில் பென்ஸும், டீசலின் பழைய ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையின் வாரிசான மேன் நிறுவனமும் டீசல் லாரிகளைக் காட்டின. ஆனால், எல்லோருக்கும் தேவைப்பட்டது நம்பகமான, மொத்தமாகத் தயாரிக்கக்கூடிய ஒரு பம்ப்.

அதைக் கொண்டுவந்தவர் ராபர்ட் போஷ். 1922-ல் வேலையைத் தொடங்கி, 1927-ல் டீசல் பம்பின் மொத்தத் தயாரிப்பு ஆரம்பமானது. பம்புக்குள் இருக்கும் சிறு உலோகத் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். டீசலின் காலத்துப் பட்டறைகளால் முடியாமல் போனது இந்தத் துல்லியம்தான். அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து அது சாத்தியமானது. கம்ப்ரசர் போனது. இன்ஜின் சிறிதானது. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் காரே வந்துவிட்டது. இந்தியாவில் 1951-ல் தொடங்கிய மைக்கோ, போஷ் தொழில்நுட்பத்தில் டீசல் பம்பும் நாசிலும் தயாரித்தது. தமிழ்நாட்டு டீசல் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பெயர் அத்துப்படி.

சரி, இன்று நாசிலைக் கழற்றும்போது என்ன கவனிக்கணும்?

நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் சாதாரண நான்கு-ஸ்ட்ரோக் டீசல் இன்ஜினில், ஒரு நாசில் நொடிக்குப் பன்னிரண்டு முறைக்கு மேல் எண்ணெயைத் தூவுகிறது. ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம். துளையில் கரி படிந்தாலோ, உள்ளே இருக்கும் ஊசி ஒட்டிக்கொண்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ தூவலுக்குப் பதில் ஒழுகல்தான். அதனால்தான் மிஸ் அடித்தால் சந்தேகம் முதலில் அங்கே போகிறது.

கழற்றும் முன் சுற்றிலும் நன்றாகச் சுத்தம் செய்வது முக்கியம். கொஞ்சம் மண் துளைக்குள் விழுந்தாலும் சிலிண்டருக்கே ஆபத்து. எண்ணெய் திரும்பும் குழாய், அழுத்தக் குழாய், பிடித்திருக்கும் கிளாம்ப் என வரிசையாகக் கழற்றி, எந்த நாசில் எந்த சிலிண்டருடையது என்று குறித்துவைப்பார்கள். திறந்த குழாய் முனைகளை மூடிவைக்க வேண்டும். கரியில் இறுகிய நாசிலை நெம்பினால் உடையும். ஊறவைத்து, திருப்பித் திருப்பித்தான் எடுக்கணும்.

வெளியே எடுத்ததும் டெஸ்டரில் மாட்டி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, தூவல் சீராக இருக்கிறதா, நுனியில் சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பழைய வகை நாசில்களில் பெரும்பாலும் 200 பாரை ஒட்டிய அழுத்தத்தில் ஊசி திறக்கும். அந்தத் தூவலுக்கு நேரே கையை வைக்கவே கூடாது. எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பலர் தவறவிடும் இடம் செம்பு வாஷர். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மேலே புதுசைப் போட்டால் நாசிலின் நுனி இருக்க வேண்டிய உயரம் மாறி, தூவல் தவறான இடத்தில் விழும். பழசையே போட்டால் அழுத்தம் கசியலாம். உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டுமே முடுக்க வேண்டும். கடைசியாகக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றணும். நாசில் சரியாக இருந்தும் மிஸ் நிற்கவில்லை என்றால் அழுத்தக் குறைவு, வால்வு, பம்ப் எனத் தேடல் அடுத்த இடத்துக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை: நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வித்தை பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களுக்கு மட்டும்தான். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் குழாய்க்குள் அழுத்தம் 2,000 பாரைக்கூடத் தொடலாம். ஓடும்போது அதில் ஸ்பேனர் வைப்பது உயிரோடு விளையாடுவது. அந்த வகை இன்ஜெக்டர்கள் பலவற்றில் தனித்தனிக் குறியீடு இருக்கும். மாற்றி மாட்டினால் வண்டியின் கம்ப்யூட்டரில் அதைப் பதிய வேண்டும். அதற்குரிய கருவி உள்ள இடத்துக்குப் போவதே நல்லது.

ஷ்ரோட்டர் சோதித்த அந்த 1897 இன்ஜின் இன்று மியூனிக்கில் உள்ள ஜெர்மன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்புக் கோபுரம். சின்னப் பட்டறைக்காரருக்கு என நினைத்துத் தொடங்கி, கப்பலுக்குப் போன இன்ஜின் அது. நாசிலும் பம்பும் சரியான பிறகுதான் அது கிணற்று மேட்டுக்கும், ரைஸ் மில்லுக்கும், சொந்த லாரி ஓட்டுபவர் கைக்கும் வந்தது. தமிழ்நாட்டில் கரன்ட் எட்டாத தோட்டங்களில் தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜின்களும் அந்த வழியில் வந்தவைதான். டீசல் அதில் எதையும் பார்க்கவில்லை. அவர் தொடங்கிவைத்த வேலை மட்டும் இன்னும் முடியவில்லை. இன்றைக்கும் ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் நாசிலைக் கழற்றி, துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.